ஆஸ்திரேலியாவில் லீட்டன் ஷயர்: மகள் குடும்பம் போகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஏரிக்கரை_பாகூர்:

எல்லோருக்கும் வணக்கம். என் மருமகனுக்கு ஆஸ்திரேலியாவில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்திருக்கிறது, மகளும் ஐந்து வயதுப் பேத்தியும் கூடவே போகிறார்கள். சிட்னி, மெல்போர்ன் என்றால் தெருவுக்கு ஒருவர் இருப்பார், போய்க் கேட்டுவிடலாம். இது லீட்டன் என்று ஓர் ஊர், சிட்னியிலிருந்து 550 கிலோமீட்டர் உள்ளே. கடிதத்தில் 'லீட்டன் ஷயர்' என்று போட்டிருக்கிறது. ஷயர் என்றால் என்ன, தாலுகாவா, நம்ம புதுச்சேரிக் கொம்யூன் பஞ்சாயத்து மாதிரியா?

நான் மூன்று காணி நெல் வைக்கிறவன், பாகூர் ஏரிப் பாசனம். அந்த ஊரும் நெல் ஊர்தான் என்று மருமகன் சொல்கிறார். போனில் படம் பார்த்தால் பொட்டல் காடாகத் தெரிகிறது. வருடம் முழுக்க அங்கே பெய்கிற மழை நமக்கு ஒரு ஐப்பசியில் பெய்கிற அளவுதானாம். மழை இல்லாத ஊரில் எப்படி நெல் விளையும், யார் தண்ணீர் விடுகிறார்கள், அந்த ஷயர்தான் மதகு திறக்கிறதா? வேலை நிலைக்குமா என்பதுதான் என் கவலை. விவசாயத்தை நம்பி இருக்கிற ஊர் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் நான் விவசாயி.

நெல்லிக்குப்பத்தான்:

ஐயா வணக்கம். நான் 2017-லிருந்து ஐந்து வருடம் அந்தப் பக்கம் இருந்தேன், டிராக்டர், அறுவடை இயந்திரம் ரிப்பேர் செய்கிற ஒரு பட்டறையில். குடியிருந்தது யாங்கோவில், லீட்டனுக்குப் பக்கத்துச் சின்ன ஊர், அதே ஷயர்தான். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஷயர் என்பது உள்ளாட்சி. ஒரு ஊருக்கு மட்டும் இல்லை, லீட்டன், யாங்கோ, விட்டன், முராமி, வாமூன் எல்லாம் சேர்த்து ஒரே கவுன்சில். பரப்பளவு 1,167 சதுர கிலோமீட்டர், நம்ம புதுச்சேரிப் பகுதியைப் போல நான்கு மடங்கு. ஜனம் எவ்வளவு தெரியுமா, 11 ஆயிரம் சொச்சம். ஒரு மாசி மகத்துக்குக் கடற்கரையில் இதைவிட அதிகம் நிற்பார்கள். அதனால் நீங்கள் படத்தில் பார்த்த பொட்டல் சரிதான், வீடும் வீடும் கூப்பிடு தூரத்தில் இருக்காது.

கவுன்சில் என்ன செய்யும்? மண் ரோட்டைச் சீவி விடும், குப்பை அள்ளும், நூலகம், நீச்சல்குளம், சுடுகாடு, வீடு கட்ட அனுமதி, நாய்க்குப் பதிவு, ஊருக்குக் குடிநீர், பாதாளச் சாக்கடை. சொன்னால் சிரிப்பீர்கள், 1930-ல் கட்டிய ராக்ஸி என்கிற தியேட்டர்கூடக் கவுன்சிலுடையது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் மாநில அரசு. வீட்டு வரியை ரேட்ஸ் என்பார்கள், கட்டடத்துக்கு இல்லை, நிலத்தின் மதிப்புக்குத்தான், வருடத்துக்கு நான்கு தவணை. வாடகைக்கு இருந்தால் அந்த ரசீது வீட்டுக்காரருக்குப் போகும், மருமகன் கவலைப்பட வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். பாசனத் தண்ணீருக்கும் கவுன்சிலுக்கும் சம்பந்தமே கிடையாது. நானும் முதல் வருடம் உங்களை மாதிரிதான் நினைத்தேன், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் கவுன்சிலில் போய்ச் சத்தம் போடலாம் என்று. பட்டறை முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

தண்ணீர் வருகிறது மலையிலிருந்து. மரம்பிட்ஜி ஆற்றின் மேல் பரிஞ்சக் என்று ஓர் அணை, 1907-ல் கட்ட ஆரம்பித்தது. அப்புறம் டுமுட் ஆற்றில் 1968-ல் பிளவரிங் அணை, அதற்குப் பனிமலைத் திட்டத்தின் தண்ணீரும் வந்து சேரும். இரண்டையும் கூட்டினால் நம் கணக்கில் 94 டிஎம்சி கிட்ட. மேட்டூர் 93.47. அதாவது ஏறக்குறைய ஒரு மேட்டூர்! ஆற்றில் பெரம்பெட் என்ற இடத்தில் தடுப்பணை, அங்கிருந்து பெரிய வாய்க்கால், 1912-லிருந்து ஓடுகிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் உங்கள் ஏரிக்கு வருகிறதே, அதே சங்கதிதான், அளவுதான் ராட்சச அளவு. தண்ணீர் வந்த பிறகுதான் ஊரே வந்தது. தலைநகர் கான்பராவை வரைந்த வால்டர் பர்லி கிரிஃபின்தான் லீட்டனையும் வரைந்தார், நடுவில் தண்ணீர்த் தொட்டி, சுற்றி வளைவு வளைவாகத் தெருக்கள். புதிதாகப் போகிறவர்கள் அந்த வளைவில் ஒருமுறையாவது வழி தவறுவார்கள், நான் மூன்று முறை.

வாய்க்காலை நடத்துவது ஒரு கம்பெனி. முன்னே அரசு வைத்திருந்தது, 1999-ல் விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனிக்குக் கைமாறியது. விவசாயி எனக்கு இந்தத் தேதியில் இவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று போனிலேயே ஆர்டர் போடுவார், மதகு தானாகத் திறக்கும். பழைய வயல்களில் ஒரு சக்கரம் இன்னும் கிடக்கும், டெத்ரிட்ஜ் சக்கரம் என்று பெயர். இரும்பு உருளை, சுற்றிலும் மடித்த தகடுகள், மதகு வாயில் பாதி முங்கியபடி லொடலொடவென்று சுற்றும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தண்ணீர் என்று கணக்கு, சுற்றை எண்ணிப் பில் போடுவார்கள். ஒரு கிழவர் வயலில் அதற்கு பேரிங் மாற்றிக் கொடுத்தேன். கரண்டு மீட்டருக்குப் பேரிங் மாற்றுகிற மாதிரி இருந்தது.

வேலை நிலைக்குமா என்றால், அணையில் தண்ணீர் இருக்கிறவரை நிலைக்கும். 2019 வறட்சியில் எங்கள் பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள். நெல் போடவில்லை, அப்புறம் அறுவடை இயந்திரம் ஏன் ரிப்பேர் ஆகும்.

மதகு_லஸ்கர்:

நான் பொதுப்பணித் துறையில் 31 வருடம் மதகு திறந்து மூடுகிற லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன், கடைசி ஒன்பது வருடம் வீராணம். தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒரு சந்தேகம். ஆர்டர் போட்டால் தண்ணீர் வரும் என்கிறீர்களே, எல்லோரும் ஒரே நாளில் ஆர்டர் போட்டால்? இங்கே கடைமடைக்காரன் அரிவாளோடு வந்து நிற்பான், மேல்மடைக்காரன் ராத்திரி மதகில் கல்லைச் சொருகுவான், நடுவில் நான் லாந்தரோடு நிற்பேன். முறைத்தண்ணீர் விட்ட காலத்தில் நான் வாங்கிய திட்டுக்கு இப்போது வருகிற பென்ஷன் போதாது.

நெல்லிக்குப்பத்தான்:

லஸ்கர் ஐயா, சண்டை அங்கேயும் உண்டு, ஆனால் மதகில் இல்லை, விலையில்.

அங்கே நிலம் வேறு, தண்ணீர் உரிமை வேறு. நிலத்தை விற்காமல் தண்ணீரை மட்டும் விற்கலாம். ஒவ்வொருவர் பெயரிலும் இத்தனை மெகாலிட்டர் என்று கணக்கு இருக்கும். ஒரு மெகாலிட்டர் 10 லட்சம் லிட்டர், நம்ம 12,000 லிட்டர் லாரியில் 83 லாரி. தண்ணீர்க் கணக்குக்கு ஜூலை முதல் தேதி புதுவருடம், அன்றிலிருந்து அணை நிலவரம் பார்த்து மாநில அரசு சதவீதம் அறிவிக்கும். உரிமையில் இரண்டு சாதி. ஆரஞ்சு, திராட்சை மாதிரி நிரந்தர மரம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் உயர் பாதுகாப்பு உரிமை வைத்திருப்பார்கள், அதற்குத்தான் முதலில் கொடுப்பார்கள், பெரும்பாலும் நிறையவே கிடைக்கும். நெல், பருத்திக்காரர்களுடையது பொது உரிமை, மீதி இருந்தால்தான். நல்ல வருடத்தில் முழுசாக வரும், மோசமான வருடத்தில் பத்துகூட வராது. டீக்கடையில் யாரும் வானிலை பேச மாட்டார்கள், இந்தச் சதவீதத்தைத்தான் பேசுவார்கள்.

பத்து சதவீதம் வந்தால் என்ன செய்வது? நெல் போடாமல் அந்தத் தண்ணீரைத் திராட்சைக்காரருக்கு விற்றுவிடலாம். மழை வருடத்தில் மெகாலிட்டர் சில பத்து டாலர், 2019-ல் பல நூறு டாலர் போயிற்று. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 12 மெகாலிட்டர் அளவில் வேண்டும், வயலில் நாலடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு. அந்த விலைக்குத் தண்ணீர் வாங்கி நெல் போடுகிறவனுக்குப் பைத்தியம் என்று பெயர். அதனால் சொந்தத் தண்ணீரை விற்றுவிட்டு நிலத்தைச் சும்மா போட்ட ஆட்கள் உண்டு. அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஆலையில், லாரியில், பட்டறையில் இருந்தவர்களிடம்தான் விற்பதற்கு ஒன்றும் இல்லை. ஏரிக்கரை ஐயா, உங்கள் மருமகன் அந்த இரண்டாவது கூட்டத்தில்தான் சேரப்போகிறார், இதை அவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

மதகு_லஸ்கர்:

தண்ணீரை விற்பதா! ஏரித் தண்ணீர் ஆயக்கட்டுக்குச் சொந்தம், ஆயக்கட்டில் இருக்கிற நிலத்துக்குச் சொந்தம். நிலத்தை விட்டுத் தண்ணீர் தனியாகப் போனால் அது ஊரா? வெள்ளைக்காரனுக்கு எல்லாமே வியாபாரம்தான்.

தேவனாம்பட்டினம்_காற்று:

லஸ்கர் ஐயா, கோபப்படாதீர்கள். நம் ஊரில் தண்ணீர் விற்கவில்லையா? போர் போட்டவர் பக்கத்து நிலத்துக்காரருக்கு மணிக்கு இவ்வளவு என்று விடுகிறார், விளைச்சலில் பங்கு கேட்பவரும் உண்டு. யாருக்கு எவ்வளவு உரிமை என்று எந்தக் கணக்கும் இல்லாமல் இறைத்து இறைத்து, கடலூர் முதல் பாகூர் வரை கடலோரக் கிணறுகள் உப்பாகிக்கொண்டு வருகின்றன. எங்கள் அப்பா வைத்த தென்னை இப்போது குரும்பையிலேயே உதிர்கிறது. வீராணத்துத் தண்ணீரும் 2004-லிருந்து குழாயில் சென்னைக்குப் போகிறதே, ஆயக்கட்டைக் கேட்டா போகிறது? அவர்கள் எழுதி வைத்து விற்கிறார்கள், நாம் எழுதாமல் விற்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஒன்று, நெல்லிக்குப்பத்தாரே, நிலமே இல்லாத ஆள் தண்ணீர் உரிமையை வாங்கி வைத்துக்கொண்டு விலை ஏறினதும் விற்கலாமா? அது மட்டும் தெரிய வேண்டும்.

நெல்லிக்குப்பத்தான்:

ஆமாம், முடியும். முதலீட்டுக் கம்பெனிகள் வாங்கி வைத்திருக்கின்றன. உள்ளூர்க்காரர்களுக்கு அதில் எரிச்சல்தான். அதைவிடப் பெரிய எரிச்சல் மத்திய அரசு மேல். 2012-ல் மரே டார்லிங் ஆற்றுப்படுகைத் திட்டம் வந்தது, ஆறு காய்ந்து போகிறது, விவசாயத்துக்கு எடுத்ததில் 2,750 கிகாலிட்டர் (ஒரு கிகாலிட்டர் ஆயிரம் மெகாலிட்டர்) ஆற்றுக்கே திரும்பக் கொடுக்க வேண்டும் என்று. அதற்கு முன் 2010-ல் வரைவு வந்தபோதே பக்கத்து ஊர் கிரிஃபித்தில் கூட்டம் கூடி அந்தப் புத்தகத்தைக் குவித்து நெருப்பு வைத்தார்கள். 2023-ல் சட்டத்தைத் திருத்தி, அரசு விவசாயிகளிடமிருந்து உரிமைகளை மறுபடி வாங்க வழி செய்தது. விற்கிறவர் விருப்பப்பட்டுத்தான் விற்கிறார், காசும் கிடைக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் ஊருக்கு இனி வராது, அதில் விளைந்த நெல்லும் ஆலைக்கு வராது. கவுன்சில் இதில் என்ன செய்ய முடியும்? எதிர்த்து மனு எழுதும், மேயர் பேட்டி கொடுப்பார். முடிவு கான்பராவில்.

எனக்கே இதில் இரண்டு மனசு. லீட்டன் ஓரத்திலேயே ஃபைவ்பவ் என்று ஒரு சதுப்பு ஏரி இருக்கிறது, 2002-ல் ராம்சர் என்கிற சர்வதேசச் சதுப்பு நிலப் பட்டியலில் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே போய் நிற்பேன், அரிவாள் மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக இறங்கும், சத்தியமாகப் பாகூர் ஏரிதான் ஞாபகம் வரும். ஆற்றுக்குத் தண்ணீர் வேண்டும் என்கிறவர்களும் தப்பில்லை. அதிலும் வேடிக்கை, அங்கே அழிந்து வரும் ஒரு நாணல் கொக்கு இனம் நெல் வயலிலும் கூடு கட்டுகிறது, ராத்திரியில் அதன் குரல் கோயில் காளை முக்காரம் போடுகிற மாதிரி. நெல்லைக் குறைத்தால் அதற்கும் கஷ்டம்.

ஏரிக்கரை_பாகூர்:

எல்லோருக்கும் நன்றி. பாதி புரிந்தது, பாதி மருமகனுக்கு அனுப்பியிருக்கிறேன். கவுன்சிலுக்கு எலெக்ஷன் உண்டா? இங்கே எங்கள் கொம்யூனுக்கு 1968-க்கு அப்புறம் 2006-லதான் நடத்தினார்கள், 2011-ல் பதவிக்காலம் முடிந்தது, அதோடு சரி. ஆணையர்தான் எல்லாம். வாய்க்கால் தூர் வாருங்கள் என்று சொல்ல ஒரு மெம்பர்கூட இல்லை.

நெல் எப்படி விளைகிறது, என்ன ரகம், காணிக்கு எத்தனை மூட்டை? அதையும் சொன்னால் நிம்மதியாகத் தூங்குவேன்.

நெல்லிக்குப்பத்தான்:

நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், ஓட்டுப் போடாவிட்டால் 55 டாலர் அபராதம். மருமகன் குடியுரிமை வாங்கும்வரை அவருக்கு இரண்டும் இல்லை. கடலூர் பக்கம் நாங்களும் உங்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது, எங்கள் ஊராட்சிகளுக்கும் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார்.

நெல் கதைக்கு வருகிறேன், இதற்குத்தான் காத்திருந்தேன். வருடத்துக்கு ஒரே போகம். அக்டோபரில் விதைப்பு, மார்ச்சிலிருந்து மே வரை அறுவடை, நம் காலத்துக்குத் தலைகீழ். நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது, ஒரு பெண்ணின் கால்கூடச் சேற்றில் படாது. லேசர் வைத்து வயலை மேசை மாதிரி சமன் செய்வார்கள், தண்ணீர் கட்டுவார்கள், ஊறவைத்து முளைகட்டின விதையைச் சின்ன விமானத்தில் எடுத்துப்போய் மேலிருந்து தூவுவார்கள். முதல்முறை பார்த்தபோது வேலையை விட்டுவிட்டு வேலி ஓரம் நின்றேன். தலைக்கு மேல் பனைமர உயரத்தில் விமானம் போகிறது, பின்னாலேயே தண்ணீரில் ஆலங்கட்டி மழை விழுகிற மாதிரி விதை விழுகிறது. ஐந்து நிமிடத்தில் நம் கண்ணுக்கு எட்டினது எல்லாம் விதைத்தாயிற்று. இப்போது காய்ந்த நிலத்தில் டிரில் என்கிற விதைக்கருவி போட்டு விதைப்பதும் அதிகம், தண்ணீர் மிச்சமாகும் என்று.

விளைச்சல் ஹெக்டேருக்குச் சராசரி 10 டன் கிட்ட வரும். நம்ம 75 கிலோ மூட்டைக்குக் காணிக்கு 70 மூட்டை போடுங்கள். நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. கோடையில் நாள் நீளம், மேகமே இல்லாத வெயில், பூச்சி குறைவு, யாங்கோவிலேயே நெல் ஆராய்ச்சி நிலையம். களிமண் பாங்கான, தண்ணீர் கீழே இறங்காத நிலத்தில் மட்டும்தான் நெல்லுக்கு அனுமதி, ஏனென்றால் கண்டபடி கட்டினால் நிலத்தடி உப்பு மேலே வந்துவிடும். பட்ட பிறகு கற்றது.

ஆனால் தண்ணீர் இல்லை என்றால் அந்த 70 மூட்டையும் ஏட்டுச் சுரைக்காய்தான். 12 லட்சம் டன் விளைந்த தேசம், பெரிய வறட்சியில் 2008 அறுவடைக்கு 20,000 டன்கூட எடுக்கவில்லை. 2020-ல் 45,000 டன். லீட்டனில் சன்ரைஸ் என்கிற அரிசிக் கம்பெனியின் தலைமையகம் இருக்கிறது, டெனிலிக்வின் ஊரில் இருந்த அவர்களுடைய ஆலை வறட்சியில் மூடி 2011-ல்தான் மறுபடி திறந்தது. மருமகன் எலக்ட்ரீஷியன் என்பதால் அவ்வளவு பயம் இல்லை. பருத்தி ஆலை விட்டனில் இருக்கிறது, வால்நட், ஆரஞ்சு, திராட்சை ஆலைகள், கிரிஃபித் 60 கிலோமீட்டர்தான். போனதும் லைசன்ஸ் எடுக்கிற வேலையை ஆரம்பித்துவிடச் சொல்லுங்கள், நெல் இல்லாத வருடமும் வேலை கிடைக்கும். விசா எந்த எண் என்று கேளுங்கள். 491 என்றால் நகரத்துக்கு ஓடிவர முடியாது, மூன்று வருடம் அந்த மாதிரிப் பகுதியிலேயே இருந்து வேலை செய்து, அப்புறம்தான் நிரந்தரத்துக்கு எழுத முடியும்.

வில்லியனூர்_பெண்:

அப்பாக்களும் அண்ணன்களும் நெல்லும் தண்ணீரும் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள், போகிறவள் ஒரு பெண், அவளுக்கு யார் சொல்வது? நான் கிரிஃபித்தில் இருக்கிறேன், நான்காவது வருடம். கார் ஓட்டப் பழகிக்கொண்டு வரச் சொல்லுங்கள், இதுதான் முதல் வேலை. பஸ்ஸை நம்பினால் ஒன்றும் நடக்காது. ஜனவரியில் 40 டிகிரி தாண்டும், ஆனால் நம் கடற்கரை மாதிரி வியர்க்காது, உதடு வெடிக்கும். ஜூலையில் காலையில் புல் மேல் வெள்ளையாகப் பனி உறைந்திருக்கும், குழந்தைக்கு நல்ல ஸ்வெட்டர் இங்கேயே வாங்கலாம், அங்கிருந்து தூக்கி வராதீர்கள். வாடகை வீடு கிடைப்பது கஷ்டம், முதல் மாதம் யார் வீட்டிலாவது ஓர் அறை என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கிரிஃபித்தில் பஞ்சாபிக் குடும்பங்கள் நிறைய, குருத்வாரா இருக்கிறது, இந்தியக் கடையும் உண்டு. இந்த ஊர் நெல்லில் பெரும்பகுதி நடுத்தர ரகம், நம் பொன்னி மாதிரி உதிரியாக வராது, குழைந்துவிடும். தயிர்ச் சாதத்துக்கு அதைவிட நல்ல அரிசி கிடையாது! டூங்கரா என்று ஒரு நீள ரகம் பாக்கெட்டில் வரும், குழம்புக்கு அது பரவாயில்லை. இட்லி அரிசி கடையில் கிடைக்கும், தீர்ந்துபோனால் அடுத்த லோடு வருகிறவரை தோசைதான்.

ஏரிக்கரை_பாகூர்:

நன்றி அம்மா. மகளிடம் அப்படியே படித்துக் காட்டினேன், கார் பழக வில்லியனூர் ரோட்டில் இன்றைக்கே சேர்ந்துவிட்டாள். விசா 491தான்.

கடைசியாக ஒன்று. என் வயலில் விளைந்த சீரகச் சம்பா, ஒரு படி விதைநெல் துணியில் முடிந்து மருமகன் பெட்டியில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டுப் பின்னால் இடம் இருக்கிறதாம், பேத்தி போட்டுப் பார்க்கட்டும்.

நெல்லிக்குப்பத்தான்:

ஐயா, வேண்டவே வேண்டாம். விமான நிலையத்தில் அபராதம் போடுவார்கள், விசாவுக்கே ஆபத்து. ஒரு மணி நெல்கூடப் பெட்டி ஓரத்தில் ஒட்டியிருக்கக் கூடாது, வயலுக்குப் போட்ட செருப்பு இருந்தால் மண் போகக் கழுவிவிட்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள், அதையும் நாட்டுக்குள் நுழையும்போது கொடுக்கிற அட்டையில் எழுத வேண்டும். மிளகாய்த்தூள் கொண்டுபோனாலும் எழுதிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஏரிக்கரை_பாகூர்:

சரி, முடிச்சை அவிழ்த்து மறுபடி குதிரில் கொட்டிவிட்டேன்.

மதகு_லஸ்கர்:

பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள்.